தங்கவைக்கும் வேலை

களப்பயிற்சிக்குச் சேர்ந்த வாரம் என் வழிகாட்டி ஒரு கட்டுக் கோப்புகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எல்லாம் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர்களுடைய கோப்புகள். "இவங்க யாரு, எந்த யுத்தத்துக்குப் போனாங்க, என்ன போதைங்கிறதெல்லாம் அப்புறமாப் படி. எந்தக் கிழமை போனாங்க, எத்தனை மணிக்குப் போனாங்க, அதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சு. இந்த மூணை மட்டும் ஒரு தாள்ல எழுது" என்றார்.

எல்லாக் கோப்பிலும் கடைசிப் பக்கம் ஒரே மாதிரி இருந்தது. மருத்துவ ஆலோசனையை மீறித் தன் விருப்பப்படி வெளியேறினார் என்று ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து. அந்த வரியை மட்டும் படித்தால், திருந்த மனசில்லாதவர் என்றுதான் தோன்றும். ஆனால் இரவு நேரக் குறிப்புகள், தொலைபேசிப் பதிவு, வாசலில் வைத்திருக்கும் கையெழுத்து நோட்டு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்க வேறு விஷயங்கள் மேலே வந்தன. சேர்ந்த முதல் வாரத்திலேயே போனவர்கள்தான் அதிகம். அதற்கடுத்து மாதத்தின் முதல் இரண்டு மூன்று நாட்களில் போனவர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கவுன்சலர்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு போனவர்கள். வீட்டிலிருந்து போன் வந்த இரவு போனவர்கள். அறையில் கூட இருந்தவரோடு சண்டை போட்டவர்கள். ஒருவர் பல்வலியால் போயிருந்தார். இரண்டு நாள் வலி மாத்திரை கேட்டிருக்கிறார், திங்கட்கிழமை டாக்டர் வரட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு விடிகாலை கட்டில் காலி.

தாளை வழிகாட்டியிடம் கொடுத்தேன். "இதுல எத்தனை காரணம் அவங்க மனசு சம்பந்தப்பட்டது, எத்தனை காரணம் நம்ம இல்லம் சம்பந்தப்பட்டது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட எல்லாமே இந்தக் கேள்விக்குள்தான் வருகிறது.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. மதுரைப் பக்கம் பிறந்தவள். கணவரின் வேலையோடு லாஸ் ஏஞ்சலஸ் வந்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகு சமூகப்பணியில் முதுகலை படித்தேன். அமெரிக்காவில் இந்தப் பட்டத்துக்குக் குறைந்தது 900 மணி நேரம் களத்தில், அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் வேலை பார்த்தாக வேண்டும். எனக்குக் கிடைத்த இடம், வீடில்லாத முன்னாள் படைவீரர்கள் தங்கி, மது மற்றும் போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கும் மனநலத்துக்கும் சிகிச்சை பெறுகிற ஓர் இல்லம். படைவீரர் நலத் துறையின் நிதியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்துவது. அங்கே இருந்தவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில், வீடில்லாத முன்னாள் படைவீரர்கள் என்று சொன்னால் பலருக்கும் நம்பிக்கை வருவதில்லை. உலகத்திலேயே வலிமையான ராணுவத்தை வைத்திருக்கிற நாட்டில், அந்த ராணுவத்தில் இருந்தவர் தெருவில் படுப்பாரா என்று கேட்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஓர் இரவு, நாடு முழுக்க வீடில்லாதவர்களை எண்ணுகிறார்கள். 2010இல் அந்தக் கணக்கில் முன்னாள் படைவீரர்கள் மட்டும் 74,000க்கு மேல் இருந்தார்கள். 2024இல் 32,882 பேர். பாதிக்கும் கீழே குறைந்திருப்பது சாதாரண விஷயம் இல்லை. 2009இல் ஒபாமா அரசு இந்த நிலையை ஒழித்தே தீருவது என்று இலக்கு வைத்து, வீட்டு வாடகை உதவித் திட்டங்களை விரிவாக்கியதன் பலன் அது. ஆனாலும் மிச்சம் இருக்கிற முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் மிகப் பெரிய கூட்டம் நான் வசிக்கிற லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில்தான் இருக்கிறது.

இங்கே படைவீரர் நலத் துறைக்கு மேற்குப் பகுதியில் பெரிய வளாகம் ஒன்று உண்டு. அந்த நிலம் 1888இல் முன்னாள் வீரர்கள் குடியிருப்பதற்கென்றே ஜான் ஜோன்ஸ் என்கிற செனட்டரும் ஆர்காடியா டி பேக்கர் என்கிற நிலக்கிழாரும் தானமாகக் கொடுத்தது. போரில் ஊனமானவர்களுக்கு அரசே இல்லம் நடத்துவது என்கிற சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டது 1865 மார்ச் 3ஆம் தேதி, கொலை செய்யப்படுவதற்கு ஆறு வாரம் முன்னால். அப்படிப்பட்ட வளாகத்தின் வேலிக்கு வெளியே, சான் விசென்ட்டே சாலையோரம், 2020இலும் 2021இலும் வரிசையாகக் கூடாரங்கள் நின்றன. ஒவ்வொன்றின் மேலும் பெரிய அமெரிக்கக் கொடி. நான் காரில் போகும்போது பார்த்திருக்கிறேன். 2021 நவம்பரில் அங்கிருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். எங்கள் இல்லத்துக்கு வந்தவர்களில் சிலர் அந்தச் சாலையில் படுத்திருந்தவர்கள்.

புதிதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் நேர்காணலை இன்டேக் என்பார்கள். முதலில் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான சான்று, டிடி-214 என்று பெயர். எந்த வகையில் விடுவிக்கப்பட்டார் என்பதைப் பொறுத்து எந்த உதவி கிடைக்கும், எது கிடைக்காது என்பது மாறும். கௌரவமான விடுவிப்பு இல்லாதவர்களுக்குப் பல கதவுகள் அடைபட்டிருக்கும். பிறகு நோய்கள், மருந்துகள், போதை வரலாறு, தற்கொலை எண்ணம், வழக்குகள். படிவம் நீளமானது. எங்கள் வழிகாட்டி அதை நிரப்புகிற முறையே தனி. அறையில் இரண்டு நாற்காலிகள் இருக்கும். வருகிறவரையே எதில் உட்காருவது என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார். ஏறக்குறைய எல்லோரும் சுவரில் முதுகைச் சாய்த்து, கதவு கண்ணில் படுகிற நாற்காலியைத்தான் எடுப்பார்கள். அதற்காகவே அந்த நாற்காலியை அங்கே போட்டிருந்தார்.

படிவத்தில் இல்லாத கேள்விகளையும் கேட்பார். உங்கள் சாமான்கள் இப்போது எங்கே இருக்கின்றன? நாய் வளர்க்கிறீர்களா, அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? யாருக்காவது கடன் பாக்கி உண்டா? ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம் வரும், எத்தனை மணிக்கு விழிப்பு வரும்? முழங்கால் எப்படி, பல் எப்படி? கடைசியாக, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எது நடந்தா நீங்க இங்கிருந்து கிளம்பிடுவீங்க?" என்பார்.

இந்தக் கேள்வியை நான் முதன்முதலாகக் கேட்டது ஐம்பதைத் தாண்டிய ஒருவரிடம். மேல்மாடி அறை, ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங். அவர் யோசிக்கவே இல்லை. "முதல் தேதி, மேம்" என்றார். ராணுவத்தில் இருந்தவர்கள் பெண்களை மேம் என்று கூப்பிடுகிற வழக்கத்தை எந்தத் தெருவிலும் விடுவதில்லை. "இதுக்கு முன்னாடி மூணு இடத்துல சேர்ந்தேன். மூணுலேயும் முதல் தேதிதான் கிளம்பினேன். பணம் அக்கவுண்ட்ல விழுந்தது தெரிஞ்சாலே உடம்பு கேட்க ஆரம்பிச்சிடும்."

ராணுவப் பணியால் ஏற்பட்ட ஊனத்துக்கான உதவித்தொகை மாதத்தின் முதல் வேலைநாளில் வருகிறது. அந்தத் தேதிக்கும் போதைக்கும் உள்ள தொடர்பை இதே ஊரில்தான் ஆராய்ந்தார்கள். மனச்சிதைவு நோயும் கொக்கைன் பழக்கமும் சேர்ந்திருந்த 105 பேரை லாஸ் ஏஞ்சலஸ் படைவீரர் மருத்துவமனையில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1995இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. மாதத்தின் முதல் சில நாட்களில் கொக்கைன் பயன்பாடு உச்சத்துக்குப் போகிறது, அடுத்த சில நாட்களில் மருத்துவமனையில் சேர்க்கப்படுவோரின் எண்ணிக்கை ஏறுகிறது என்று அதில் இருக்கிறது. அந்த மனிதர் கட்டுரை எதையும் படித்தவர் அல்ல. தன் உடம்பைப் படித்திருந்தார்.

வழிகாட்டி அன்றே அவரோடு உட்கார்ந்து முதல் தேதிக்கு ஒரு திட்டம் போட்டார். எங்கள் இல்லத்தில் வேலை பார்த்த, மரைன் படைப்பிரிவைச் சேர்ந்த மூத்தவர் ஒருவர், தானும் ஒரு காலத்தில் இப்படிச் சிகிச்சை எடுத்து மீண்டவர், அன்று காலை அவரோடு வங்கிக்குப் போவது. முதலில் சாமான் வைத்திருக்கிற வாடகைக் கிடங்குக்குப் பணம் கட்டுவது. அது முக்கியம், வாடகை தவறினால் உள்ளே இருப்பதை ஏலம் போட்டுவிடுவார்கள், அவருடைய பதக்கங்களும் அப்பாவின் கருவிப்பெட்டியும் அதற்குள் இருந்தன. அடுத்து குழந்தை பராமரிப்புப் பணம். அது பாக்கி நின்றால் ஓட்டுநர் உரிமத்தையே முடக்க முடியும், உரிமம் போனால் வேலை போகும். பிறகு போன் பில். கையில் மிஞ்சுவதில் இருவரும் எங்காவது சாப்பிட்டுவிட்டு, பகல் வெளிச்சம் இருக்கும்போதே பஸ்ஸில் திரும்புவது. முதல் தேதி வந்தது. இருவரும் போனார்கள், திரும்பினார்கள். அந்த மாதமும் அடுத்த மாதமும் அப்படியே நடந்தது. மூன்றாவது மாதம் அவர் தனியாகப் போய்விட்டு வந்தார்.

முதல் வாரம் ஏன் அவ்வளவு பேரை இழுத்துக்கொண்டு போகிறது என்பதை நான் இரவு ஷிஃப்டில் இருந்தபோதுதான் புரிந்துகொண்டேன். மதுவை நிறுத்திய பிறகு இரண்டாம் மூன்றாம் நாள்தான் உடம்புக்கு மிக ஆபத்தான கட்டம். அதை மருத்துவமனையில் கடந்த பிறகே எங்களிடம் அனுப்புவார்கள். ஆனால் ஆபத்து நீங்கியதே தவிர தூக்கம் திரும்பியிருக்காது. தூக்கம் சரியாக வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். தெருவில் வருஷக்கணக்கில் ஒரு கண்ணைத் திறந்துவைத்தே தூங்கிப் பழகியவரை, முன்பின் தெரியாத ஆளோடு ஒரே அறையில் கதவைச் சாத்திப் படுக்கச் சொல்கிறோம். அவருக்குள் இருந்த பயத்தையும் நினைவுகளையும் இத்தனை நாள் மது அமுக்கிவைத்திருந்தது. அதையும் எடுத்துவிட்டோம். மூன்றாவது ராத்திரி அவர் எழுந்து ஷூவை மாட்டுவதில் ஆச்சரியம் இல்லை.

இரவில் இரண்டு முறை எல்லோரும் கட்டிலில் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். முன்பிருந்த வழக்கப்படி ஊழியர் கதவைத் திறந்து டார்ச் வெளிச்சத்தை முகத்தில் அடித்துப் பார்ப்பார். அந்த மூத்த மரைன்தான் இதை மாற்றியவர். எனக்கும் கற்றுக்கொடுத்தார். டார்ச் தரையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். கதவைத் திறக்கும் முன் தாழ்ந்த குரலில், இன்னார் வந்திருக்கிறேன், எண்ணிக்கைக்கு என்று சொல்ல வேண்டும். கெட்ட கனவு கண்டு கத்துகிறவரை எழுப்ப நேர்ந்தால் அதற்கு ஒரு முறை உண்டு. "தொடாதே. தலைமாட்டுல நிக்காதே. கதவுகிட்ட நின்னு அவர் பேரைச் சொல்லு, உன் பேரைச் சொல்லு, இது எந்த ஊருன்னு சொல்லு. கண்ணு திறந்து, உன்னைப் பார்த்து, மூச்சு சீராகிற வரைக்கும் ஒரு அடி கூட உள்ளே போகாதே."

அதை நான் செய்த இரவு இன்னும் மனசில் இருக்கிறது. ஈராக்கில் இருந்தவர், முப்பதுகளில் வயது. வாசலில் நின்று அவர் பெயரைச் சொன்னேன், என் பெயரைச் சொன்னேன், இது லாஸ் ஏஞ்சலஸ், மணி இரண்டே கால் என்றேன். எழுந்து உட்கார்ந்தவர் கைகளால் கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் தளர்ந்தன. தண்ணீர் வேண்டுமா என்றேன். "நன்றி, மேம். நான் யாரையாவது அடிச்சேனா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்ன பிறகுதான் தண்ணீரை வாங்கினார். மறுநாள் காலை அவருக்குச் சுவரோரக் கட்டில் மாற்றிக் கொடுத்தோம், சமையலறைப் பக்கத்து அறையில் இரவு முழுக்க ஒரு விளக்கும் தேநீரும் இருக்கும்படி ஏற்பாடு செய்தோம். தூக்கம் வராதவர்கள் வாசலைத் தாண்டாமல் வந்து உட்கார ஓர் இடம். மூன்றாவது ராத்திரிகளில் அந்த அறை காலியாக இருந்ததே இல்லை.

வகுப்பில் எங்களுக்கு ஊக்குவிப்பு நேர்காணல் என்கிற முறையைப் பாடமாக வைத்திருந்தார்கள். வில்லியம் மில்லர் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1983இல் எழுதிய கட்டுரையில் தொடங்கி, ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து 1991இல் புத்தகமாக வளர்த்தது. குடிக்கிறவரிடம் குடிக்காதே என்று வாதாடினால் அவர் குடியின் பக்கமே பேச ஆரம்பிப்பார். மாறவேண்டும் என்கிற வாதத்தை அவர் வாயிலிருந்தே வரவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பரீட்சையில் நன்றாகவே எழுதினேன். அதைக் கையால் செய்வது எப்படி என்பதை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தேன்.

ராணுவப் பச்சையில் பெரிய துணிப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் அலுவலக வாசலில் வந்து நின்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்றார். வழிகாட்டி வீட்டுக்குக் கிளம்பக் கோட்டை எடுத்திருந்தார். கோட்டைத் திரும்ப மாட்டிவிட்டு நோட்டை அவர் பக்கம் நகர்த்தினார். போகாதே என்ற வார்த்தையே வரவில்லை.

"கையெழுத்துப் போடலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்கட்டுமா? இங்க இருக்கறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை?"

"நாலு."

"நாலா? ஏன் ரெண்டுன்னு சொல்லாம நாலுன்னு சொல்றீங்க?"

அவர் எரிச்சலோடு பார்த்தார். பிறகு, இங்கே வந்த பிறகு கை நடுக்கம் நின்றிருக்கிறது என்றார். கொஞ்சம் கழித்து, சனிக்கிழமை மருந்து வாங்குகிற வரிசையில் கூட நிற்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், தான் இல்லையென்றால் அவரும் கிளம்பிவிடுவார் என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் பழைய வழக்கு ஒன்றைக் காட்டி அன்று மத்தியானம் நிராகரித்துவிட்டார்கள் என்பது வெளியே வந்தது. வழிகாட்டி பதில் எதுவும் சொல்லவில்லை. அவர் சொன்னதையே சுருக்கித் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். பை தோளிலிருந்து தரைக்கு வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மணி அடித்தார்கள், போய்ச் சாப்பிட்டார்.

ஏன் ரெண்டு இல்லை என்று கேட்டால் தங்குவதற்கான காரணங்கள் வருகின்றன. ஏன் பத்து இல்லை என்று கேட்டிருந்தால் போவதற்கான காரணங்களை வரிசையாக அடுக்கியிருப்பார். இந்தச் சின்ன வித்தியாசத்துக்காகவே நான் அந்தப் படிப்புப் படித்தேன் என்று சொன்னாலும் தகும்.

பரிசுச் சீட்டு முறையைப் பற்றி நிறையப் பேர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சீட்டுகள். சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லையென்றால் ஒரு சீட்டு எடுக்கலாம். அடுத்த முறையும் இல்லையென்றால் இரண்டு, அதற்கடுத்து மூன்று என்று கூடும். பாதிச் சீட்டுகளில் ‘நல்லது, தொடருங்கள்’ என்பதுபோல வெறும் பாராட்டுதான் இருக்கும். மற்றவற்றில் ஒரு டாலர், சிலவற்றில் இருபது டாலர், ஒரே ஒரு சீட்டில் நூறு டாலர் மதிப்புள்ள கூப்பன். நான்சி பெட்ரி என்கிற உளவியலாளர் உருவாக்கிய முறை. 2011 முதல் படைவீரர் நலத் துறை இதைத் தன் மையங்களில் பரப்பியது. ஒழுங்காக இருப்பதற்குக் காசா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: கொக்கைனுக்கோ மெத்தாம்ஃபெட்டமினுக்கோ அடிமையானவர்களுக்கு ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் கிடையாது. இந்தக் கிண்ணம் அவர்களை வாரத்துக்கு இரண்டு முறை வரவழைக்கிறது. வந்தால்தான் மற்ற எதையும் செய்ய முடியும். அறுபது வயதுக்காரர் ஒருவர் வெறும் பாராட்டுச் சீட்டை எடுத்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். எங்களில் யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். காலைக் குழுக் கூட்டத்துக்கு வரவில்லை, ஒத்துழைக்கவில்லை, எச்சரிக்கப்பட்டார் என்று ஒருவருடைய கோப்பில் தொடர்ந்து எழுதியிருந்தது. இன்னும் ஒரு எச்சரிக்கை வந்தால் வெளியேற்றம். அவருடைய ராணுவ மருத்துவப் பதிவை வழிகாட்டி என்னைப் படிக்கச் சொன்னார். சாலையோர வெடிகுண்டு வெடிப்பில் இரண்டு முறை சிக்கியவர். தலையில் வெளிக்காயம் இல்லை, அடி உள்ளே மூளையில். அவருக்கு நேரம் ஞாபகம் நிற்பதில்லை, தன்னால் முடியவில்லை என்று சொல்ல வெட்கம். அமெரிக்க ராணுவத்தில் பலரும் சட்டைப்பையில் வைத்திருக்கிற பச்சை அட்டைக் குறிப்பு நோட்டு ஒன்று உண்டு. அதில் ஒன்றை வழிகாட்டி வாங்கிவந்து அவரிடம் கொடுத்தார். கேள்வி கேட்காமல் வாங்கி, முதல் பக்கத்தில் தேதி போட்டு, மறுநாள் செய்யவேண்டியதை நேரத்தோடு எழுதினார். அந்தக் கைக்கு அது பழகின வேலை. எச்சரிக்கைகள் நின்றன. சிகிச்சையிலிருந்து துரத்தப்பட்டவர்களில் இப்படி எத்தனை பேர் மறதிக்காகத் தண்டிக்கப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

யார் தங்குகிறார்கள் என்பதில் வயதும் வழக்கும் கணக்கில் வருகின்றன. வயதானவர்கள் அதிகம் தங்குகிறார்கள். போக இடமில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். இளைஞர்கள் அவசரப்படுகிறார்கள். கோர்ட்டு உத்தரவோடு வந்தவர்கள், விருப்பமில்லாமல் வந்திருந்தாலும், தாமாக வந்தவர்களைவிடக் குறைவாகத் தங்குவதில்லை. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 2008இல் நீதிபதி ராபர்ட் ரஸ்ஸல் தொடங்கிய படைவீரர் சிகிச்சை நீதிமன்றம் நாடெங்கும் பரவியதற்கு இது ஒரு காரணம். சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பி, நீதிபதியே அடிக்கடி கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று விசாரிக்கிற கோர்ட்டு அது. பெண்களின் கதை தனி. முப்பது ஆண்கள் இருக்கிற வீட்டில் ஒரே ஒரு பெண்ணாக இருந்தவர், ராணுவத்தில் தன் மேலதிகாரியால் பாலியல் வன்முறைக்கு ஆளானவர், குளியலறைப் பூட்டு சரியில்லை என்று மூன்றாம் நாளே சொன்னார். அவரை அங்கே இருக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. பெண்களுக்கென்றே உள்ள இல்லத்தில் இடம் கிடைக்கும்வரை போன் போட்டுக்கொண்டே இருந்தோம். எங்கள் பதிவேட்டில் அவர் பாதியில் போனவர். அந்த இல்லத்தில் முழுக்க இருந்து முடித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இதனால்தான் முடித்தார், முடிக்கவில்லை என்கிற கணக்கை மட்டும் வைத்து எந்த இல்லத்தையும் எடைபோடக் கூடாது என்கிறேன். வாடகை உதவிச் சீட்டு கிடைத்து, வருமானத்தில் முப்பது சதவீதம் மட்டும் தானே கட்டினால் போதும் என்கிற வீட்டுச் சாவியோடு முன்கூட்டியே போனவரும் அந்தக் கணக்கில் பாதியில் போனவர்தான். நாள் கணக்கு முடிந்து, கையில் சான்றிதழோடு, வீடில்லாமல் பஸ் நிறுத்தத்துக்குப் போனவர் முழுமையாக முடித்தவர். முதலில் திருந்து, பிறகு வீடு தருகிறோம் என்பது பழைய முறை. சாம் செம்பெரிஸ் 1992இல் நியூயார்க்கில் அதைத் தலைகீழாக்கி, முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு சிகிச்சையைப் பேசினார். இந்த வாதம் இன்னும் முடியவில்லை. நான் பார்த்த வரையில், இங்கிருந்து எங்கே போகப் போகிறோம் என்பது தெரிந்தவர்கள்தான் இங்கே நிம்மதியாக இருந்தார்கள். வீட்டுக்கான விண்ணப்பத்தைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நிரப்ப வேண்டும், கடைசி வாரத்தில் அல்ல.

போவதென்று முடிவெடுத்தவரை எப்படி அனுப்புவது என்பதும் இந்தத் தொழிலில் கற்க வேண்டியது. சில வாரம் சுத்தமாக இருந்தவரின் உடம்பு, பழைய அளவைத் தாங்காது. முன்பு எடுத்த அதே அளவு ஹெராயினோ ஃபென்டனிலோ இப்போது உயிரைக் குடித்துவிடும். அதனால் வாசலைத் தாண்டும் முன், அளவு மீறினால் உயிரைக் காக்கிற நலாக்ஸோன் மூக்கு ஸ்பிரேயைக் கையில் கொடுத்து, கூட இருப்பவர் அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று காட்டுகிறோம். மருந்துகள், ஒரு மாற்று உடை, எங்கள் நம்பர் எழுதிய அட்டை. மறுநாள் நாங்களே போன் செய்கிறோம். துணிப்பையோடு வந்த அந்த மனிதரும் இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் போகத்தான் செய்தார். மழைக்காலம் தொடங்கும்போது அதே பையோடு திரும்பி வந்தார். திரும்பி வருகிறவரை முப்பது நாள், அறுபது நாள் காத்திருக்கச் சொல்கிற விதி பல இடங்களில் இருக்கிறது. அந்த விதியை எடுக்க வேண்டும். அந்த அறுபது நாளில் ஆள் இருப்பாரா என்பதற்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

அமெரிக்காவில் இருக்கிற தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள். நம்மில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். வீடில்லாத வீரர்களை ஓரிடத்தில் கூட்டி இரண்டு மூன்று நாள் எல்லா உதவியும் செய்கிற ஸ்டாண்ட் டவுன் என்கிற முகாம் 1988இல் சான் டியாகோவில் தொடங்கி இன்று பல ஊர்களில் நடக்கிறது. அங்கே சோறு போட ஆள் நிறைய வருகிறார்கள். பல் பிடுங்கவும், குழந்தை பராமரிப்புப் பாக்கி வழக்கைப் பேசி முடிக்கவும், முடங்கிப்போன ஓட்டுநர் உரிமத்தை மீட்டுத் தரவும்தான் ஆள் பற்றாக்குறை. வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை கொடுங்கள். தெருவில் ஒரு முன்னாள் வீரரைப் பார்த்தால், அவருக்காக 877-424-3838 என்ற எண்ணைக் கூப்பிடலாம். படைவீரர் நலத் துறையின் இலவச எண், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். கூப்பிடுகிறவர் வீரராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.